கதிர்ப்பாத்திரத்தின் பின்னால் நடந்தவர்கள்

இளைஞர் பாசறை என்றால் இறுதி நாளன்று ஒரு திரைப்படம் காட்டிக் கலந்துரையாடுவது நம் பங்குகளில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு காட்டப்படும் படங்களுள் ‘தி மிஷன்’ என்னும் ஆங்கிலப் படத்திற்குத் தனியிடம் உண்டு. 1986இல் ரோலாண்ட் ஜோஃபேயின் இயக்கத்தில் வெளிவந்த அப்படம், அவ்வாண்டே கான் திரைப்பட விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், சமயப் பிரிவில் அதுவும் இடம்பெற்றது. அருவியின் பேரோசையும், என்னியோ மோரிக்கோனேயின் இசையும், தனியொரு குருவானவர் காட்டின் நடுவே அமர்ந்து குழலூதும் காட்சியும் ஒருமுறை கண்டவர் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. நாமும் அப்படத்தைப் பலமுறை கண்டோம்; பலருக்குக் காட்டினோம்; கண்ணீரும் சிந்தினோம். ஆயினும் இன்று அப்படத்தோடும், அதைவிட மேலாக அப்படத்தை நாம் கொண்டாடும் முறையோடும் வழக்காடவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கதையை அறியாதோருக்குச் சுருக்கமாகச் சொல்வோம். தென் அமெரிக்காவில், பராகுவாய், பரானா ஆறுகள் பாயும் நிலப்பரப்பில் குவாரனி மக்கள் வாழ்கின்றனர். அவர்களிடையே கபிரியேல் என்னும் சேசு சபைக் குரு அருவியின்மேல் ஒரு மறைத்தளத்தை நிறுவுகிறார். அம்மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்றுப் பிழைத்த மெந்தோசா, தன் தம்பியையே கொன்ற குற்றவுணர்வால் நொறுங்கி, கடுந்தவம் புரிந்து, பின் அச்சபையிலேயே சேர்கிறான். ஸ்பெயின், போர்த்துக்கல் அரசுகளின் உடன்படிக்கையால் மறைத்தளங்கள் அமைந்த நிலம் கைமாறுகிறது. திருத்தந்தையின் தூதராக வரும் அல்தமிரானோ, மறைத்தளங்களைக் கண்டு வியந்தும், மக்கள் வெளியேற வேண்டும் என்றே தீர்ப்பிடுகிறார். மக்கள் மறுக்கின்றனர். படை வருகிறது. மெந்தோசா மீண்டும் வாளேந்துகிறார். கபிரியேல் அடிகளோ கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி, பெண்களும் குழந்தைகளும் பின்தொடர, துப்பாக்கிகளை நோக்கி நடக்கிறார். இருவரும் வீழ்கின்றனர்.

படம் முடிந்ததும் கலந்துரையாடலில் எழுப்பப்படும் கேள்வியும் ஏறத்தாழ எல்லாப் பங்குகளிலும் ஒன்றுதான்: “வாளா, கதிர்ப்பாத்திரமா? இருவருள் யார் செய்தது சரி?” இளைஞர்கள் இரு அணிகளாகப் பிரிவர். ஒரு சாரார் வன்முறை தவறு என்பர். மறு சாரார் கையைக் கட்டி நிற்பது கோழைத்தனம் என்பர். வழிநடத்தும் குரு இரண்டுக்கும் இடையே ஒரு நடுவழியைக் காட்டி, செபத்தோடு முடித்துவைப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறுதான் முடித்துவைக்க முனைந்தோம். அப்போது, பாசறைக்குச் சமைக்க வந்திருந்த முதிய தாயொருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, “அந்தச் சாமிமாரு பேரெல்லாம் சொல்லிட்டீங்க சாமி. செத்துப்போன அந்தச் சனங்க பேரு ஒண்ணும் சொல்லலியே?” என்றார். இளைஞர் சிலர் சிரித்தனர். நமக்கோ விடை தெரியவில்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக ஓடிய படத்தில் கபிரியேலின் பெயரை அறிந்தோம். மெந்தோசாவின் பெயரையும், அவன் தம்பியின் பெயரையும், அவர்கள் காதலித்த பெண்ணின் பெயரையும் அறிந்தோம். நிலத்தை இழந்தவர், வீட்டை இழந்தவர், உயிரை இழந்தவர் ஆகியோருள் ஒருவர் பெயர்கூட நம் நினைவில் தங்கவில்லை. அத்தாயின் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபோதுதான், ‘வாளா, கதிர்ப்பாத்திரமா’ என்னும் நம் கேள்வியே பிழையானது என்பது புலனாயிற்று.

அப்பிழையைக் காட்ட, முதலில் வரலாற்றைப் படத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

சேசு சபையினர் குவாரனி மக்களிடையே முதல் குடியமைப்பை நிறுவியது 1609இல். படம் சித்திரிக்கும் நிகழ்வுகளோ 1750க்குப் பிற்பட்டவை. இடையில் ஓடியவை ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள், நான்கைந்து தலைமுறைகள். 1732ஆம் ஆண்டளவில் 30 குடியமைப்புகளில் 1,40,000 பேர் அளவில் வாழ்ந்தனர். அவை வெறும் காட்டுக் குடிசைகள் அல்ல. நடுவே பெருஞ்சதுக்கமும், கல்லால் எழுப்பிய ஆலயமும், பட்டறைகளும், பள்ளிகளும், வரிசை வரிசையாய் வீடுகளும் கொண்ட ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் குவாரனி மக்களே உறுப்பினராய் அமைந்த ஊர்மன்றம் இருந்தது. கால்நடைப் பண்ணையும், யெர்பா மாத்தே என்னும் இலைப்பயிரும் அவர்களது பொருளாதாரத்தைத் தாங்கின. அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா என்னும் சேசு சபைக் குரு குவாரனி மொழிக்குத் தொகுத்த அகராதி 1639இல் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மறைத்தளங்களிலேயே அச்சகம் இயங்கியது. நிக்கொலாஸ் யாப்புகுவாய் என்னும் குவாரனி மகன் தன் தாய்மொழியில் எழுதிய மறைக்கல்வி விளக்கம் 1724இலும், மறையுரைத் தொகுப்பு 1727இலும் அங்கு அச்சாயின.

இதை நினைவில் கொண்டு படத்தை மீண்டும் காணுங்கள். படத்தின் நடுநாயகமான மறைத்தளம் அப்போதுதான் தோன்றியது. மக்கள் அப்போதுதான் காட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள். இசை கேட்டு மயங்கும் குழந்தை உள்ளத்தினர். நூல் எழுதி அச்சிட்ட ஒரு மக்களினம், நேற்றுத்தான் பேசக் கற்றவர்போல் நம்முன் நிறுத்தப்படுகிறது. குவாரனி மக்களாக நடித்தவர்கள்கூடக் குவாரனியர் அல்லர். கொலம்பியாவின் வவுனானா பழங்குடியினர். இதற்காக அந்நடிகர்களை நாம் குறை கூறவில்லை. எந்தப் பழங்குடி என்பது காண்போருக்கு ஒரு பொருட்டாகாது என்று படம் எடுத்தவர்கள் எண்ணினார்களே, அதைத்தான் குறிப்பிடுகிறோம்.

இனி, அந்த உடன்படிக்கை. 1750 சனவரி 13ஆம் நாள் மத்ரித் நகரில் ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் கையெழுத்திட்டன. அதன்படி, லா பிளாத்தா ஆற்றுக் கரையிலிருந்த கொலோனியா டெல் சாக்ரமெந்தோ என்னும் துறைமுகக் கோட்டை ஸ்பெயினுக்கு. உருகுவாய் ஆற்றுக்குக் கிழக்கேயிருந்த ஏழு மறைத்தள ஊர்கள் போர்த்துக்கல்லுக்கு. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 30,000 பேரும், கையில் எடுத்துச் செல்லக்கூடியவற்றோடு ஆற்றைக் கடந்து அகன்றுவிட வேண்டும். ஆலயமும் வீடும் வயலும் புதியவர்க்கு உரியன. இழப்பீடாக ஊருக்கு 4,000 பெசோ அறிவிக்கப்பட்டது.

இதிலுள்ள கொடுமையான முரணைப் படம் சொல்வதில்லை. அதே கொலோனியா கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து ஸ்பெயின் அரசுக்காக 1680இலும், மீண்டும் 1705இலும் போரிட்டுக் கைப்பற்றிய படைகளில் பெரும்பகுதியினர் இந்தக் குவாரனி வீரர்களே! தம் குருதியால் அரசருக்கு ஈட்டிக் கொடுத்த கோட்டையை அரசர் பேச்சுவார்த்தையில் கோட்டைவிட்டார். அதை மீட்க அவர்களது வீடுகளையே விலையாகக் கொடுத்தார். அதுவும் யாருக்கு? 1620களின் இறுதியில் சாவோ பவுலோவிலிருந்து வந்த அடிமை வேட்டையர் அவர்களது பாட்டன்மாரைச் சங்கிலியிட்டு இழுத்துச் சென்றனர். அவர்களுக்கு அஞ்சி 1631இல் மொந்தோயா அடிகளின் தலைமையில் ஏறத்தாழ 12,000 பேர் 700 தெப்பங்களில் ஆற்றுவழியே தப்பியோடினர். வழியில் மாண்டோர் பலர். 1641இல் ம்போரோரே என்னுமிடத்தில் குவாரனி மக்கள் திரண்டு அவ்வேட்டையரை முறியடித்தனர். அத்தகைய பகைவரின் அரசுக்கே இப்போது ஊர்களை ஒப்படைக்கச் சொன்னது ஆணை.

ஆகாபு மன்னன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்ட வரலாறு நம் வாசகர் அறிந்ததே. மூதாதையரின் உரிமைச் சொத்தைக் கொடேன் என்று நாபோத்து மறுத்தான். அரச முத்திரையிட்ட மடல்கள் புறப்பட்டன. ஊர்ப் பெரியோர் கீழ்ப்படிந்தனர். நாபோத்து கல்லெறியுண்டு மாண்டான். அந்நூலில் நாபோத்துக்குப் பெயர் உண்டு. அவன் வாய்மொழியும் பதிவாகியுள்ளது. விவிலிய ஆசிரியர் அவனை ஊமையாக்கவில்லை.

குவாரனி மக்களும் ஊமைகளாய் இருந்திலர். 1753இல் ஏழு ஊர்களின் மன்றத்தாரும் புவெனோஸ் அயிரெஸ் ஆளுநருக்குத் தம் தாய்மொழியிலேயே மடல்கள் எழுதினர். இந்நிலத்தைக் கடவுள் எம் முன்னோர்க்குத் தந்தார். அரசருக்கு நாங்கள் என்றும் உண்மையாயிருந்தோம். எம்மைக் காப்பதாக வாக்களித்த அரசர் இத்தகைய ஆணையை மெய்யாகவே இட்டிருப்பாரா என்பதே அம்மடல்களின் சாரம். அவற்றில் கெஞ்சல் மட்டுமில்லை. வாதம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, இறையியலும் இருக்கிறது. ராபர்ட் போல்ட் போன்ற தேர்ந்த வசனகர்த்தாவுக்கு இதைவிடச் சிறந்த உரைநடை எங்கே கிடைத்திருக்கும்? ஆயினும் படத்தில் அம்மடல்களைக் காணோம். குவாரனித் தலைவர் பேசுகிறார். அவருக்காகக் குருவானவர் மொழிபெயர்க்கிறார். ஒரு மக்களினத்தின் வழக்கு, அவர்தம் வாயிலிருந்து பறிக்கப்பட்டு, அவர்கள்பால் இரக்கம் கொண்டவர் வாயில் வைக்கப்படுகிறது.

ஈண்டு நாம் சேசு சபையாரைப் பழிக்கப் புறப்படவில்லை என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். அடிமை வேட்டையரிடமிருந்து அம்மக்களைக் காத்த வேலியாக அக்குருக்கள் நின்றனர் என்பது வரலாற்று உண்மை. 1537இலேயே திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்க மண்ணின் மக்கள் முழுமையான மனிதரே, அவர்களின் விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அறிவித்தார். 1639இல் எட்டாம் உர்பானும், 1741இல் பதினான்காம் ஆசீர்வாதப்பரும் அதனை வலியுறுத்தினர். தொலைவிலிருந்து பிறந்த அம்மடல்களுக்கு அம்மண்ணில் உயிரூட்ட முயன்றவர்களுள் சேசு சபையினர் முதன்மையானோர். 1628இல் உயிரீந்த ரோக் கொன்சாலெஸ் அடிகளை 1988இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் பராகுவாய் மண்ணிலேயே புனிதராக உயர்த்தினார். இவையெல்லாம் நமக்குப் பெருமையே.

ஆனால் பெருமையைச் சொல்லும் வாய் குறையையும் சொல்ல வேண்டும். இல்லையேல் அது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகும். அம்மறைத்தளங்களில் நாள் முழுதும் ஆலய மணியின் கட்டளைப்படியே நகர்ந்தது. தவறியோர்க்குக் கசையடியும் உண்டு. மறையுரை எழுதி அச்சிடும் அறிவு படைத்த மக்களிடையே, ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில், ஒரு குவாரனி மகன்கூடச் சேசு சபைக் குருவாக அருள்பொழிவு பெறவில்லை. அவர்கள் என்றும் பிள்ளைகள். குருக்கள் என்றும் தந்தையர். அதே சேசு சபை, கொர்தொபா நகரத்துக் கல்லூரிகளைப் பேணிய பண்ணைகளில் ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. குவாரனியருக்குக் கொடுக்க மறுத்த சங்கிலியை வேறொருவர் கழுத்தில் பொறுத்துக்கொண்டது. படத்தின் அழகிய ஒளிப்பதிவில் இந்த நிழல்கள் எங்கும் விழவில்லை.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் அல்தமிரானோவின் சித்திரிப்பில் உள்ளது. படத்தில் அவர் உரோமையிலிருந்து வரும் கர்தினால். அரசியலுக்கும் மனச்சான்றுக்கும் இடையே தவிக்கும் பெரிய மனிதர். மெய்யான லூயிஸ் அல்தமிரானோ கர்தினால் அல்லர். சேசு சபைக் குரு. அவரை அனுப்பியவர் சேசு சபையின் தலைமை அதிபரே. ஊர்களை ஒப்படைக்கும் ஆணையை நிறைவேற்றவும், தயங்கும் தம் சபைக் குருக்களைக் கீழ்ப்படிதலின் பேரால் பணியவைக்கவுமே அவர் வந்தார். குவாரனி மக்களால் இதை நம்ப முடியவில்லை. இவர் சேசு சபைக் குருவே அல்லர், குருவுடையில் வந்த போர்த்துக்கீசியர் என்று ஐயுற்றனர். ஒரு குருவானவர் தங்களைக் கைவிடுவார் என்று எண்ணவும் துணியாத அந்த வெகுளியான நம்பிக்கையை நினைக்கும்போது, கதிர்ப்பாத்திரக் காட்சியைக் காட்டிலும் அதிகமாக நம் கண் கலங்குகிறது.

பின்பு நடந்தது என்ன? குருக்களுள் சிலர் மன்றாடினர்; சிலர் காலம் தாழ்த்த முயன்றனர்; ஈற்றில் சபை ஆணைக்குப் பணிந்தது. போரைத் தலைமேற்கொண்டோர் குவாரனி மக்களே. அவர்களுள் தலையாயவர் தூய மிக்கேல் ஊர்மன்றத்தின் அதிகாரியாயிருந்த செபே தியராஜு. அவர் 1756 பெப்ருவரி 7ஆம் நாள் கொல்லப்பட்டார். மூன்றே நாள் கழித்து, பெப்ருவரி 10ஆம் நாள், கைபாத்தே குன்றில் ஸ்பெயின், போர்த்துக்கல் கூட்டுப்படையின் பீரங்கிகளுக்கு முன் ஏறத்தாழ 1,500 குவாரனியர் மடிந்தனர். கதிர்ப்பாத்திரம் ஏந்திப் பவனி சென்று மாண்ட சேசு சபைக் குரு எவரும் அக்குன்றில் இல்லை. வாளேந்திப் படை நடத்திய மெந்தோசாவும் இல்லை.

ஆக, அம்மூதாட்டியின் கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது: செபே தியராஜு. பிரேசிலின் தென்கோடி மாநிலத்தில் ஓர் ஊரே ‘புனித செபே’ என்று அவர் பெயரைத் தாங்குகிறது. பொதுமக்கள் தாமாகவே சூட்டிய புனிதப் பட்டம் அது. 2009இல் பிரேசில் நாடு தன் தேசிய வீரர் ஏட்டில் அவர் பெயரைப் பொறித்தது. நம் படத்திலோ அவருக்கு இடமில்லை. அவர் செய்ததை மெந்தோசாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் மரணத்தையும் ஐரோப்பியர் இருவருக்குப் பங்கிட்டுவிட்டார்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். ‘வாளா, கதிர்ப்பாத்திரமா?’ என்று கேட்கும்போது நாம் செய்வது என்ன? இரு குருக்களின் மனச்சான்றை எடைபோடுகிறோம். யார் தூய்மையாக மாண்டார் என்று ஆய்கிறோம். நிலத்தை இழப்பவர் என்ன முடிவெடுத்தனர், அம்முடிவு நேரியதா என்னும் வினா எழுவதேயில்லை. ஒரு மக்களினத்தின் அழிவு இரு துறவியரின் ஆன்மிகச் சோதனைக்குப் பின்புலத் திரையாகிவிடுகிறது. கதிர்ப்பாத்திரத்தை ஏந்தியவரைக் காண்கிறோம். அதன் பின்னால் குழந்தையை இடுப்பில் ஏந்தி நடந்தவளைக் காண்பதில்லை. நற்கருணையில் எழுந்தருளும் ஆண்டவர் பசித்தோரோடும் வீடற்றோரோடும் தம்மை ஒன்றாக்கிக்கொண்டவர் அன்றோ? எனில், அன்று துப்பாக்கிகளின் முன் அவர் பொன்பாத்திரத்தில் மட்டுமா இருந்தார்? பின்னால் வந்த கூட்டத்தில் இல்லையா? இறையியல் பயின்ற நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே. அதைக் கேட்டவர் சமையற்கூடத்திலிருந்து வந்தார்.

மற்றொன்று. படத்தின் அல்தமிரானோ, உடலைக் காக்க உறுப்பை வெட்டும் மருத்துவரின் நியாயத்தைப் பேசுகிறார். ஏழு ஊர்களைப் பலியிட்டால் சேசு சபை பிழைக்கும் என்பது கணக்கு. மக்களினம் முழுதும் அழிவதைவிட ஒருவன் சாவது நலம் என்று ஆலோசனை சொன்ன கயபாவின் கணக்கும் இதுவே. படம் இக்கணக்கைத் துயரத்தோடு சொல்கிறது. ஆனால் அது பொய்க்கணக்கு என்று வரலாறு மெய்ப்பித்ததை அழுத்திச் சொல்லவில்லை. 1759இல் போர்த்துக்கல் சேசு சபையை நாடு கடத்தியது. 1764இல் பிரான்சு அதனை ஒழித்தது. 1767இல் ஸ்பெயின் வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். உறுப்பை வெட்டிக் கொடுத்தும் உடல் பிழைக்கவில்லை. இன்னும் கொடியது ஒன்று உண்டு. இத்தனை குருதியைக் கேட்ட அந்த மத்ரித் உடன்படிக்கை 1761இலேயே நீக்கப்பட்டது! கைபாத்தேயின் 1,500 பேரும் ஐந்தே ஆண்டுகளில் கிழித்தெறியப்பட்ட ஒரு தாளுக்காக மடிந்தனர். அநீதிக்கு உடன்பட்டு நிறுவனத்தைக் காத்துக்கொள்ள முடியும் என்று நம்பும் எந்தத் திருச்சபைத் தலைமைக்கும், எந்தப் பங்குப் பேரவைக்கும், ஏன், எந்தப் பங்குத்தந்தைக்கும் இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

“அது எங்கோ நடந்தது, நமக்கென்ன?” என்போர் உளர். நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. அதே 1759, அதே 1773 ஆகிய ஆண்டுகளே மதுரை மறைப்பணித்தளத்தையும் சாய்த்தன. 1606இல் தத்துவ போதகர் அடியெடுத்து வைத்து, 1693இல் அருளானந்தர் குருதி சிந்தி, வீரமாமுனிவர் தமிழால் வளர்த்த அந்தத் தளம், போர்த்துக்கல்லின் ஆணையால் ஆதரவிழந்து, சபையின் கலைப்பால் அநாதையாயிற்று. சேசு சபையினர் மீண்டும் மதுரைக்கு வந்தது 1838இல். குருக்கள் அருகிப்போன அந்த நெடிய இடைவெளியில் கிராமந்தோறும் செபம் சொல்லிக் கொடுத்து, சாவுத் தறுவாயில் இருந்தோருக்குத் துணைநின்று, குழந்தைகளுக்குத் தண்ணீர் வார்த்து விசுவாசத்தைக் காத்தவர்களுள் நம் உபதேசியார்கள் தலையாயோர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? நம் ஆலய வரலாற்று மலர்களைப் புரட்டிப் பாருங்கள்: பங்குத்தந்தையரின் பட்டியல் ஆண்டுவாரியாக இருக்கும், உபதேசியார் ‘ஓர் உபதேசியார்’ என்ற அளவில் நின்றுவிடுவார். தத்துவ போதகர் வந்து 317 ஆண்டுகளுக்குப் பின்னரே, 1923இல், தூத்துக்குடியின் முதல் ஆயராகத் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றார். குவாரனியருக்கு மறுக்கப்பட்ட நம்பிக்கை நமக்கும் நெடுங்காலம் தயங்கித் தயங்கியே அளிக்கப்பட்டது என்பதை இவ்வாண்டுக்கணக்கு சொல்லும்.

இவ்வாறெல்லாம் பேசுவது திருச்சபையைப் பகைவர்முன் தாழ்த்துவதாகும் என்று சில நல்லவர்கள் அஞ்சுவர். அவர்களுக்கு நம் பணிவான மறுமொழி இதுதான்: திருச்சபைத் தலைமையே இத்தாழ்ச்சியின் பாதையில் நமக்கு முன்னே சென்றுவிட்டது. 2015 சூலையில் பொலிவியா நாட்டில் நின்று, வெற்றிகொள்ளும் காலத்தில் மண்ணின் மைந்தர்க்கு எதிராக நடந்த பாவங்களுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்புக் கேட்டார். 2022இல் கனடாவுக்குத் தவத் திருப்பயணமாகவே சென்றார். 2023 மார்ச் 30ஆம் நாள், பிறர் நிலத்தைக் ‘கண்டுபிடித்தோம்’ என்று உரிமை கொண்டாடிய பழைய கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது. தந்தையே முழந்தாளில் நிற்கையில், பிள்ளைகள் நாம் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது எங்ஙனம் பக்தியாகும்?

இன்னும் ஒரு பெயரை நம் வாசகர் அறிதல் நலம். மர்சால் தெ சோசா. இவர் குவாரனி மகன். செவிலியர் பணி செய்தவர். 1980இல் பிரேசிலுக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுலின் முன், மனாவுஸ் நகரில் நின்று, தம் மக்களின் நிலங்கள் பறிக்கப்படுவதையும் அவர்கள் கொல்லப்படுவதையும் எடுத்துரைத்தவர். மொழிபெயர்க்க ஒரு குருவை நாடாமல் தாமே பேசினார். 1983 நவம்பரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த மூன்றாம் ஆண்டில் ‘தி மிஷன்’ வெளிவந்தது. மெய்யான குவாரனித் தலைவர் ஒருவர் தம் நிலத்திற்காக மாண்ட செய்தி உலகின் செவிக்கு எட்டவில்லை. கற்பனையான இரு குருக்களின் சாவுக்கோ உலகம் அழுதது. இன்றும் பிரேசிலின் மாத்தோ குரோசோ தோ சுல் மாநிலத்தில் குவாரனி மக்கள் தம் மூதாதையர் நிலத்துக்காகப் போராடி வருகின்றனர். நாபோத்தின் வழக்கு இன்னும் முடியவில்லை.

எனவே நாம் வேண்டுவது இதுவே. இப்படத்தைக் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, காட்டுங்கள். இசையைக் கேட்டு உருகுங்கள். ஆனால் படம் முடிந்ததும் பழைய கேள்வியைக் கேளாதீர்கள். இப்படத்தில் யார் பேசினார்கள், யாருக்காகப் பிறர் பேசினார்கள், அவர்கள் தாமே பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கேளுங்கள். 1753இன் மடல்களைப் பற்றிச் சொல்லுங்கள். யாப்புகுவாய் எழுதிய நூல்களைப் பற்றிச் சொல்லுங்கள். செபே தியராஜுவின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

அடுத்து, அதே கேள்வியை நம் பங்குக்குத் திருப்புங்கள். கல்லறைத் தோட்டத்துக்கு இடம் வாங்குவது முதல் திருவிழாவுக்கு வரி விதிப்பது வரை, முடிவுகள் யாருக்காக எடுக்கப்படுகின்றன? அவர்கள் அந்த அறையில் இருக்கிறார்களா? இருந்தால், வாய் திறக்க அவர்களுக்கு இடம் தரப்படுகிறதா? இறைமக்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குச் சூட்டிய பெயர் அழைப்பிதழில் அச்சிடுவதற்கு மட்டும்தானா? எளியோர்க்காக உயிரையும் கொடுக்க ஆயத்தமாயிருக்கும் குருக்களைத் திருச்சபை என்றும் பெற்றிருக்கிறது. அதற்காக நன்றி கூறுவோம். எளியோர் சொல்வதைக் கேட்டு, அதன்படி தம் முடிவை மாற்றிக்கொள்ளும் குருக்களையும் பேரவைகளையும் அது பெறுவதோ அரிதாகவே இருக்கிறது. முன்னதைவிடப் பின்னதே கடினம் என்பதை இத்தனை ஆண்டுப் பங்குப் பணியில் நாமே நம் குறையால் கற்றிருக்கிறோம்.

அந்தப் பாசறையில் அம்மூதாட்டிக்கு நாம் விடை சொல்லவில்லை. அவர் பெயரைக்கூட அன்று நாம் கேட்டறியவில்லை. அவருக்கும், சிரித்த இளைஞருக்கும், நமக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதினோம். அடுத்த முறை பெயரைக் கேட்டுக்கொண்டுதான் படத்தைத் தொடங்குவோம்.